கட்டு அவிழாத மரம்

அத்தியாயம் 14

தாவூது ரேடியோவைப் போர்வையில் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

சனிக்கிழமை காலை. சுபுஹு தொழுகைக்குப் போனவர்கள் இன்னும் முழுசாக வீடு திரும்பவில்லை. தெருவில் மழைத் தண்ணீர் வடியாமல் கிடந்தது. அதில் நடந்து வந்ததில் அவருடைய கைலி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"எங்க வைக்கட்டும்?" என்றார்.

"என்ன காக்கா இது?" அண்ணனுக்கு வழிவிட்டு அலாவுதீன் கதவை விட்டு விலகினான்.

"தெரியலையா? ரேடியோ. எங்க வைக்கட்டும்னு கேட்டேன்."

"உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"வேணாம்டா. அது இருக்கிற வீட்டுல என்னால சோறு திங்க முடியலை."

மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் உள்ளே ஏதோ கழன்று உருண்டது. இருவர் காதிலும் அது விழுந்தது.

போன வருஷம் பிரெஞ்சுக்கொடி இறங்கிய மாதம் வாங்கிய ரேடியோ அது. தாவூது கொடிக்காக வாங்கவில்லை. தம்பியின் குரல் அதில் வரப்போகிறது என்று வாங்கினார். புதன்கிழமை தோறும் சாயங்காலம் ஏழே காலுக்கு ஜன்னலைத் திறந்து வைப்பார். தெரு கேட்க வேண்டும். கேட்கிறதா என்று வாசலுக்கு வந்தும் பார்ப்பார்.

இந்தப் புதன்கிழமையும் ஜன்னல் திறந்துதான் இருந்தது.

நடந்தது இதுதான். செவ்வாய் இரவு கடலில் காற்று எழுந்தது. திருவேட்டக்குடியிலிருந்து பதினொரு கட்டுமரங்கள் போயிருந்தன. புதன் விடிகிற நேரம் அலாவுதீன் சைக்கிளில் கரைக்குப் போனான். கரையில் மரங்கள் கிடந்தன. எண்ணினான். பதினொன்று. பத்து நிமிஷம்கூட அங்கே நிற்கவில்லை. எட்டு மணி ரயிலைப் பிடிக்கத் திரும்பிவிட்டான்.

அந்த ரயிலை விட்டால் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு மணி வகுப்பு போய்விடும். வகுப்பு முடிந்து இரண்டு மணி ரயிலைப் பிடித்தால்தான் மாலையில் வானொலி நிலையம். வாசித்து முடித்து இரவு ரயிலில் திரும்பினால்தான் வியாழக்கிழமை வகுப்பு. ஒரு வருஷமாகப் புதன்கிழமைகள் அப்படித்தான் போயின. சரித்திர வாத்தியார், செய்திக்காரர் இரண்டும் ஒரே ஆள். ரயில் தவறாதவரை இரண்டும் நடந்தன.

ரயிலில் உட்கார்ந்து எழுதினான். 'திருவேட்டக்குடியிலிருந்து சென்ற பதினொரு கட்டுமரங்களும் கரை சேர்ந்தன.' இது அவன் பார்த்தது. மாயவரம் தாண்டியபோது ஒரு வரி சேர்த்தான். 'மீனவர்கள் அனைவரும் நலம்.' இது அவன் பார்க்காதது. செய்தி மரத்தோடு நின்றால் முடியாதது போல இருந்தது, முடித்து வைத்தான்.

இரண்டு மரங்கள் ஆளில்லாமல் வந்தவை. அலை கொண்டுவந்து போட்டவை. நான்கு பேர் திரும்பவில்லை.

வியாழன் சாயங்காலம் ஒரு உடல் ஒதுங்கியது. வெள்ளி காலையில் இரண்டு. நான்காவது ஆள் வைத்தியலிங்கம். அவனைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியவில்லை.

"தந்திக்குப் பதில் போட்டியா?" தாவூது கேட்டார்.

"இல்லை."

தந்தி மேசைமேல்தான் இருந்தது. வானொலி நிலையத்திலிருந்து வந்தது. புதன்கிழமைச் செய்திக்கு ஆதாரம் யார், இன்று மாலைக்குள் தெரிவிக்கவும். பக்கத்தில் ஒரு கடிதம். சரித்திரத் துறைத் தலைவர் சோமசேகரன் எழுதியது. இரண்டு வேலையும் சேர்த்துப் பார்க்க அலாவுதீனுக்கு அனுமதி நீடிப்பதா, இல்லையா என்று திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் குழு கூடுகிறது. நேரில் வர வேண்டும். அதுவரை உங்கள் பெயர் எந்தப் பேச்சிலும் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைசி வரியில் இருந்தது. நல்ல மனிதர். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தார்.

தாவூதுக்கு ஆங்கிலம் வராது. பள்ளியில் படித்த பிரெஞ்சுதான். ஆனால் இரண்டு தாளிலும் என்ன இருக்கிறது என்று நேற்றே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு" என்றார். "நூகு இருக்கான்ல, அந்தக் கரையில மீன் ஏலம் எடுக்க வர்றவன். அவன் பேரைப் போடு. அவன்தான் எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொன்னான், நீ எழுதினே. முடிஞ்சுது."

"நூகுவ நான் பார்க்கவே இல்லை."

"பார்த்தேன்னு அவன் சொல்லுவான். நான் பேசிட்டேன்."

"பேசிட்டீங்களா?"

"ராத்திரியே பேசிட்டேன். எனக்காகச் சொல்லுவான். நாலு பேர் கேட்டா, ஆமா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னுவான். மீன் யாவாரிக்கு அதனால என்ன போயிடும்? உனக்குப் போகும். ரெண்டும் போகும்."

அலாவுதீன் தந்தியை எடுத்து மடித்தான்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. சஃபியா தேத்தண்ணீர் கொண்டுவந்து இருவர் முன்னும் வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்றாள். இது அவள் வீடு. இந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறியவன். இரண்டு வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்று தெருவில் அவளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஒரு வேலையும் இல்லாத மாப்பிள்ளைக்கு இந்தத் தெருவில் என்ன பெயர் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

"பெரிய மச்சான், உங்களுக்கு என்ன பயம்?" என்றாள்.

"எனக்கென்ன பயம்? இவனுக்காகச் சொல்றேன்."

"இவங்களுக்காக மட்டுமா?"

தாவூது தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"ஆமா, எனக்காகவும்தான்" என்றார். "அந்த வைத்தியலிங்கம் பொண்டாட்டி காசியம்மா புதன்கிழமை சாயங்காலம் மஃரிபு நேரத்துல என் வாசல்ல வந்து நின்னா. எம் புருஷன் வரலை, உங்க சரக்குத் தோணிய எடுத்துத் தேடுங்கன்னா. சரின்னேன். விடியறதுக்கு முன்னாடி கிளம்பறோம்னு ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். பாய்கூட ஏத்தியாச்சு. அப்ப இவன் பேசினான். அனைவரும் நலம்னான். என் தம்பி கண்ணால பார்த்துட்டு வந்து சொல்றான்னு சொன்னேன் அவகிட்ட. அவ என்னவோ சொல்ல வந்தா. 'போம்மா, உன் புருஷன் வீட்டுல உக்காந்து சோறு தின்னுட்டு இருப்பான், நீ இங்க நிக்கிறே'ன்னு சொன்னேன். ஆளுங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

நிறுத்தினார். போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். இரண்டு முறை மடித்தும் ஓரம் சேரவில்லை.

"இவன் தப்புன்னு எழுதினா, அடுத்த கேள்வி, தோணி ஏன் நின்னுச்சு? அதுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

சஃபியா கணவனைப் பார்த்தாள். "அன்னைக்குக் கரையில யாரைக் கேட்டீங்க?"

"யாரையும் கேக்கலை."

"ஒருத்தரையும்?"

"மரம் கிடந்துச்சு. எண்ணினேன்."

"பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கறீங்க? ஊருக்குப் போனா ஊர்ச் சேதி ஒண்ணு அனுப்பணும், பார்த்தது எது, கேட்டது எதுன்னு பிரிச்சு எழுதணும்னு சொல்லிக் கொடுத்தேன்னீங்களே. என்கிட்ட பெருமையாச் சொன்னீங்க."

அவன் தலையாட்டினான். இந்த வருஷம் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு வகுப்பு கொடுத்திருந்தார்கள். செய்தி எழுதுவது எப்படி என்று. வாரத்துக்கு ஒரு மணி நேரம். அது புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு. அவன் கரையில் நிற்காமல் ஓடியது அந்த வகுப்புக்குத்தான்.

"எனக்கு இந்த வேலை விவரமெல்லாம் தெரியாது" என்றாள் சஃபியா. "சாயங்காலம்வரைக்கும் நேரம் இருக்கு. கரைக்குப் போயிட்டு வாங்க. அன்னைக்குக் கேக்காததை இன்னைக்குக் கேட்டுட்டு வந்து எழுதுங்க. அதுக்கப்புறம் நூகு பேரைப் போடத் தோணினா போடுங்க."

"அங்க போனா அடிப்பாங்க இவனை" என்றார் தாவூது.

"அடிக்கட்டும்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவள் அழுகிறாளா என்று அலாவுதீனுக்குத் தெரியவில்லை. போய்ப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

தாவூது செருப்பை மாட்டினார். "எனக்கு அங்க மூஞ்சி இல்லை. நீ போ."

*

யாரும் அடிக்கவில்லை.

அலாவுதீன் சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டு நடந்தான். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். ஒருவன், "ரேடியோ வாத்தியார்" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. எல்லோரும் மறுபடி குனிந்துகொண்டார்கள். ஒரு குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது. அதன் தாய் அதன் தலையைத் திருப்பி வைத்தாள்.

மரங்கள் இன்றும் கரையில்தான் கிடந்தன. இப்போது அவன் எண்ணவில்லை. பார்த்தான்.

பத்து மரங்களின் கட்டு அவிழ்ந்திருந்தது. கடலுக்குப் போய் வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகக் காயப் போடுவது வழக்கம். ஒன்று மட்டும் கட்டோடு கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். தலை வாரவில்லை.

புதன்கிழமை காலையில் கட்டோடு கிடந்தவை இரண்டு. அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. மறுபடி கடலுக்குப் போகத் தயாராக இருக்கின்றன என்று நினைத்தான். யாரிடமாவது கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில் நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல். அதையும் பார்த்தான்.

"நீங்கதானே?" என்றாள் அந்தப் பெண். எழுந்திருக்கவில்லை.

"ஆமாம்மா."

"குரல் ரேடியோவுல இன்னும் கனமா இருக்கும்."

அவன் மணலில் உட்கார்ந்தான்.

"எம் புருஷன் நலமா இருக்கான்னு சொன்னீங்க" என்றாள் காசியம்மா. "எங்க இருக்கான்னும் சேத்துச் சொல்லியிருக்கலாம்ல? போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன்."

அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளே பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபத்தை இரண்டு நாளில் செலவழித்துவிட்டவள் போல இருந்தாள்.

"இந்த மரம் ஏன் அவுக்காம கிடக்குன்னு தெரியுமா?"

"தெரியாது."

"கட்டுனவந்தான் அவுக்கணும். அடுத்தவன் கை வெக்க மாட்டான். கட்டோட ஒரு மரம் கிடந்தா, ஆளு வரலைன்னு அர்த்தம். எங்கூர்ல நாலு வயசுப் புள்ளைக்கும் தெரியும். அன்னைக்குக் கட்டோட கிடந்த இன்னொரு மரம் ரெண்டு பேர்து. ரெண்டு பேரும் பொணமா வந்துட்டாங்க. நேத்து அடக்கம் பண்ணிட்டு வந்து அவங்க தம்பிமாரு அவுத்தாங்க. இதுல போனது எம் புருஷனும் என் அண்ணனும். அண்ணன் வந்துட்டான்."

வந்துவிட்டான் என்று சொன்னபோது அவள் கை தானாகக் கிழக்கே கடலைக் காட்டாமல் மேற்கே, இடுகாட்டுப் பக்கம் காட்டியது.

"இதை ஏன் இன்னும் அவுக்கலைன்னு கேளுங்க."

"ஏன்?"

"கிட்ட வாங்க. எண்ணத் தெரியும்ல உங்களுக்கு? கட்டைய எண்ணுங்க."

எண்ணினான். நான்கு.

"அஞ்சு கட்டை கட்டிப் போனது. நாலு வந்திருக்கு. ஓரத்துக் கட்டை இல்லை. இந்தக் கயித்தைப் பாருங்க."

கயிறு ஓரத்தில் தொங்கியது. அலாவுதீன் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நிமிர்ந்தபோது, தாவூது நிற்பது தெரிந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. குதிரை வண்டி தூரத்தில் மேட்டில் நின்றது. செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

தம்பியின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். விரலால் நுனியைத் தடவினார். நாற்பது வருஷம் கயிறு பிடித்த விரல்.

"இது அறுந்ததில்ல" என்றார். "அறுந்தா நாரு பிரிஞ்சு நிக்கும். கத்தி போட்டிருக்கு."

"அண்ணன் கத்தி அவன் இடுப்புலயே இருந்துச்சு" என்றாள் காசியம்மா. "பொணத்தோடயே வந்துச்சு. அப்ப இது யாரு கத்தி?"

தாவூது கயிற்றை விடவில்லை.

"புரட்டிப் போட்டிருக்கு அலை. ஒரு கட்டைய அறுத்து எடுத்துக்கிட்டு அதைப் புடிச்சிட்டு எம் புருஷன் போயிருக்கான். இதைச் சொல்லத்தான் மரக்காயரே உங்க வாசலுக்கு வந்தேன். காலையில இதைப் பார்த்தேன். மத்தியானம்வரைக்கும் ஊர்ல ஒவ்வொருத்தன் காலா விழுந்தேன். காத்துல எங்க மரம் தாங்காது, மரக்காயர் தோணிதான் தாங்கும்னாங்க. நடந்தே வந்தேன். வாயைத் தொறந்தேன். உங்க ரேடியோ தொறந்துச்சு."

தாவூது மெல்ல மணலில் உட்கார்ந்தார். சுத்தமான வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதோடு ஈர மணலில் உட்கார்ந்தார்.

"சொல்ல விடலை நீங்க" என்றாள்.

"விடலைம்மா."

"சிரிச்சீங்க."

"ஆமா."

வலைக்காரர்கள் யாரும் கிட்டே வரவில்லை.

அலாவுதீன்தான் பேசினான். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் ஒரு பதில் எழுதணும். நான் தப்பாச் சொன்னேன்னு எழுதறேன். புதன்கிழமை ரேடியோவுலயும் சொல்றேன். விட்டாங்கன்னா."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"யாரையும் கேக்காம சொல்லிட்டேன்னு."

"அது உங்களப் பத்தி" என்றாள் காசியம்மா. "என்னைப் பத்தி என்ன சொல்லுவீங்க?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"காசியம்மான்னு ஒருத்தி வந்து ஆளு வரலைன்னு சொன்னா, கட்டை அறுத்திருக்குன்னு சொல்ல வந்தா, ஒருத்தனும் நம்பலைன்னு சொல்லணும். என் பேரைச் சொல்லணும். ரேடியோவுல எல்லாரும் நலம்னு சொன்னப்பறம், வேற கரையில ஏறியிருப்பான்னு சொல்லி இங்கயே நாலு பேரு என்னைப் பைத்தியம்னாங்க. அவங்களும் கேக்கணும்."

அதைச் சொன்னால் யார் நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலாவுதீன் அண்ணனைப் பார்க்கவில்லை.

"எழுதறேன்" என்றான்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க எழுதறப்ப நான் பக்கத்துல இருக்கணும்."

எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். பிறகு குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த கயிற்று நுனியைக் கட்டைமேல் எடுத்து வைத்தாள்.

*

காரைக்கால் தபாலாபீசில் சனிக்கிழமை மதியம் கூட்டம் இல்லை. தந்திக் குமாஸ்தா அப்துல் லத்தீப் மேசைமேல் சாய்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தார். அலாவுதீனைப் பார்த்ததும் நிமிர்ந்தார். பின்னால் தாவூதைப் பார்த்ததும் எழுந்தார். இருவருக்கும் பின்னால் காசியம்மாவைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அலாவுதீன் தாளை வாங்கி நின்றபடியே எழுதினான். எழுதியதைத் தமிழில் மெல்லச் சொல்லிக்கொண்டே எழுதினான். காசியம்மா அவன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'ஆதாரம் யாருமில்லை. மரங்களை நானே எண்ணினேன். ஆட்களை எண்ணவில்லை. யாரையும் கேட்கவில்லை. நான்கு பேர் திரும்பவில்லை. மூவர் இறந்துவிட்டனர். வைத்தியலிங்கத்தின் மனைவி காசியம்மா அன்று மாலையே வந்து உண்மையைச் சொன்னார். என் செய்தியை நம்பி அவரை நம்பவில்லை. தேடப் போகவிருந்த தோணி நின்றது. இதை நானே வாசிக்க அனுமதி வேண்டும்.'

நிறுத்தினான்.

"இன்னொருக்கா என் பேரு வந்த இடத்தைக் காட்டுங்க" என்றாள் காசியம்மா.

காட்டினான். அவள் அந்த ஆங்கில எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யார் தோணி?" என்று கேட்டார் தாவூது.

"என்ன காக்கா?"

"தோணி நின்னுச்சுன்னு எழுதியிருக்கே. ஆளில்லாத தோணியா அது? யாரு நிறுத்தினது?"

"அது வேணாம் காக்கா."

"எழுதுடா. உன் பேரு இருக்கு. இந்தப் பொம்பளை பேரு இருக்கு. எம் பேரு மட்டும் என்ன, முக்காடு போட்டுக்கிட்டு நிக்குது?"

அலாவுதீன் எழுதினான். அப்துல் லத்தீப் தாளை வாங்கிப் படித்தார். முழுக்கப் படித்துவிட்டு, "சார், இதை அனுப்பினா உங்க வேலை…" என்று இழுத்தார்.

"அனுப்புங்க."

"ரெண்டு வேலையும்."

"தெரியும். அனுப்புங்க."

குமாஸ்தா கருவியின் பக்கம் திரும்பினார். பாதி திரும்பியவர் நினைவு வந்து நின்றார். "உங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கு சார். அரை மணி நேரம் ஆச்சு. ஆள் இல்லை, அதான் வீட்டுக்கு வரலை."

சோமசேகரனாக இருக்கும் என்று நினைத்துப் பிரித்தான். இல்லை. அனுப்பியவன் நூர் அகமது. அவனுடைய மாணவன். புதன்கிழமை வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருபவன். தோப்புத்துறைக்காரன்; வேதாரண்யம் பக்கம். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன் சார், சேதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்.

அலாவுதீன் ஒருமுறை படித்தான். இன்னொரு முறை படித்தான்.

"யாரு?" என்றார் தாவூது. "பல்கலைக்கழகமா?"

"இல்லை."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு? குடு."

கொடுத்தான். ஆங்கிலம். தாவூது திருப்பிக் கொடுத்தார். அலாவுதீன் அவர் காதருகே சொன்னான். தாவூதின் கண் ஒருமுறை வாசற்படிப் பக்கம் போய்த் திரும்பியது. காசியம்மா அங்கே போய் உட்கார்ந்திருந்தாள். தன் பேர் எழுதியாயிற்று. தந்தி போகும் சத்தம் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"உயிரோடயா?" தாவூதின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"எழுதலை."

"ஏன் எழுதலை?"

"அவன் பார்க்கலை. கேட்டதுன்னு பிரிச்சு எழுதியிருக்கான்."

தாவூது உதட்டைக் கடித்துக்கொண்டார். "நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கே." பிறகு, "அவகிட்ட இப்ப சொல்லாதே. நாம போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுவோம். இல்லைன்னு ஆயிடுச்சுன்னா? ரெண்டாந்தடவை அந்தப் பொம்பளைய…"

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. நல்ல செய்தியைத் தெரியாமல் சொன்னால் என்ன ஆகும் என்று அலாவுதீனைவிட இந்த ஊரில் யாருக்கும் நன்றாகத் தெரியாது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"என்ன சேதி?" காசியம்மா வாசற்படியிலிருந்து கேட்டாள்.

தாவூது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் என்னைப் பார்த்துட்டுப் பேசறீங்க. என்ன சேதி?"

அலாவுதீன் பையிலிருந்து தாளை எடுத்தான். அவள் எதிரே போய்ப் படிக்குக் கீழே நின்றான். ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் படித்தான். ரேடியோவில் படிக்கிற குரல் வரவில்லை. வேறு ஏதோ குரல் வந்தது.

"கோடியக்கரைக்குத் தெற்கே வெள்ளி இரவு ஓர் ஆள் ஒதுங்கியதாகச் சொல்கிறார்கள். ஒரு கட்டையோடு. கட்டையில் கயிறு இருக்கிறதாம். பெயர் தெரியவில்லை. உயிர் பற்றி ஒருவர் ஒன்று சொல்கிறார், மற்றவர் வேறு சொல்கிறார். எல்லாம் கேட்டது. எதையும் நான் பார்க்கவில்லை."

"இன்னொருக்கா படிங்க."

இன்னொரு முறை படித்தான். கடைசி வரியை விடாமல் படித்தான்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எழுந்து முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சொருகினாள்.

"நாகப்பட்டினத்துக்குத் தெற்க ரோடு உடைஞ்சு கிடக்கு" என்றார் தாவூது, யாரிடமும் இல்லாமல். "பஸ் கிடையாது. இன்னைக்கு ரயிலும் போயிடுச்சு. தோணிதான். வடகாத்து இருக்கு. இப்ப எடுத்தா விடியறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுடும்."

"திரும்ப?" அலாவுதீன் கேட்டான்.

"எதுர்காத்து. மூணு நாளும் ஆகும், அஞ்சு நாளும் ஆகும்." தம்பியைப் பார்த்தார். "திங்கக்கிழமை உனக்குக் கூட்டம்."

"ஆமா."

"நேர்ல வரணும்னு எழுதியிருக்காரு அந்த மனுஷன்."

"ஆமா காக்கா."

அலாவுதீன் ஆற்றுமுகத்தைப் பார்த்து நடந்தான். உள்ளே தந்திக் கருவி தட்டிக்கொண்டிருந்தது.

அரசலாற்றுக் கரையில் தோணி புதன்கிழமை எப்படி நின்றதோ அப்படியே நின்றது. ஏற்றிய பாய் மழையில் நனைந்து கனத்துத் தொங்கியது. இறக்கவும் தாவூதுக்கு மனம் வரவில்லை போலும். ஆட்கள் ஓடி வந்தார்கள். புதன்கிழமை சிரித்தவர்கள்தான். காசியம்மா வருவதைக் கண்டதும் ஒதுங்கி நின்றார்கள்.

அவள் தண்ணீர் ஓரம் வந்து நின்றாள். முழங்கால் ஆழத்துக்கு அப்பால் தோணி.

"நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுவீங்க" என்றாள். கேள்வி போலவும் இல்லை, நம்பிக்கை போலவும் இல்லை.

தாவூது தண்ணீரில் இறங்கித் தோணியில் ஏறினார்; அலாவுதீனும் பின்னால் ஏறினான்.

"நான் நம்ப மாட்டேன்" என்றாள்.

தாவூதின் தோணியில் இன்றுவரை ஒரு பொம்பளை கால் வைத்ததில்லை. அவர் வாப்பா காலத்திலும் இல்லை. இந்தக் கடற்கரையில் எந்தத் தோணியிலும் இல்லை. சுக்கான் பிடிக்கிறவன் அவரைப் பார்த்தான். மற்ற ஆட்களும் பார்த்தார்கள்.

தாவூது குனிந்து, சரக்கு ஏற்றும் பலகையைத் தூக்கிக் கரைக்குப் போட்டார். அது ஆடாமல் இருக்க ஒரு முனையில் தன் காலை வைத்து மிதித்துக்கொண்டார்.

"வாம்மா" என்றார்.